அஞ்சுக்கு அடித்த தப்புக் கலர்

காலை பதினொன்றே கால் மணிக்கு என் மாப்பிள்ளை வேலையிலிருந்து வீடு திரும்பினார். செருப்பை எப்போதும்போல் சுவரை ஒட்டி ஜோடியாக வைத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இங்கே வந்த நான்கு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட மாலை ஐந்தே முக்காலுக்கு முன்னால் வந்ததில்லை.

“என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?”

“உடம்பு சரியாத்தான் இருக்கு அத்தை.”

அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அடுத்த கேள்வியை நான்தான் கேட்க வேண்டும். அவரிடம் விஷயம் வாங்குவது, தீர்ந்துபோன பற்பசை ட்யூபைப் பிதுக்குகிற வேலை. என் மகள் பொறுமையாகப் பிதுக்குவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் மகள் வீட்டோடு வந்து நான்கு வருஷமாகிறது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீசில் பின்கோடு பார்த்துத் தபால்களை அறை அறையாகப் பிரித்துப் போடும் வேலை. மகள் நர்ஸ், அவள் டூட்டி எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியாது. அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் மாப்பிள்ளையும்தான். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசிக்கொள்வோம், அதில் எட்டு என்னுடையது. நானும் என் தங்கையும் போனில் பேசும்போது அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்: சுவர். “சுவர் சாப்பிட்டுச்சா?” என்று அவள் கேட்பாள், நான் சிரிப்பேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் சட்டைப்பையில் ஒரு தாள் நான்காக மடிந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“அது என்ன தாள்?”

எடுத்துக் கொடுத்தார். கம்பெனியில் நடந்த கண் பரிசோதனை முகாமின் முடிவு. தூரப்பார்வை நன்று, கிட்டப்பார்வை நன்று. அதற்குக் கீழே: நிறம் பிரித்தறியும் திறன், குறைபாடு. சரியான விடைகள், பன்னிரண்டுக்கு இரண்டு.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவருடைய வேலையே கலர்தான். லிஃப்ட்டுகளுக்கு உள்ளே இருக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கு வயர் கட்டுகிறவர் அவர். பெரிய பலகையில் வரைபடத்தை ஒட்டி, ஆணி அடித்து, சிவப்பு, மஞ்சள், பழுப்பு, பச்சையில் மஞ்சள் கோடு என்று பதினாறு தினுசு வயரை அந்த ஆணிகளுக்கு நடுவே இழுத்து, கட்டி, ஒவ்வொரு முனையிலும் நம்பர் போட்ட சின்னக் குழாயை மாட்ட வேண்டும். அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவருடைய சூப்பர்வைசரே ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது சொன்னார். அந்த சூப்பர்வைசர்தான் இன்று காலை இவரைத் தனியாகக் கூப்பிட்டு, புது விதி, வயரைத் தொடுகிற எல்லாருக்கும் கண் சர்டிபிகேட் வேண்டும், என் கையில் ஒன்றுமில்லை, அடுத்த திங்களுக்குள் வேறு ஆஸ்பத்திரியில் நல்ல சர்டிபிகேட் வாங்கி வாருங்கள், இல்லையென்றால் பேக்கிங் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பேக்கிங் பிரிவு என்றால் நாள் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என் பெட்டிகளின் டேப்பைச் சர்ரென்று கிழித்தேன். மாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு இறங்கிப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். வந்த மாமியாரை வரவேற்கிற லட்சணமா இது என்று அன்று மகளிடம் குதித்தேன். அந்தச் சத்தத்தில் அவரால் ஒரு முழு நாள் நிற்க முடியாது. இந்தப் பலகைக்கு வருவதற்கு முன் நான்கு வேலை பார்த்து நான்கையும் விட்டவர். ஒன்றில் மூன்றே நாள். இந்தப் பலகைதான் அவருக்குப் பொருந்தி வந்த ஒரே இடம்.

“உங்களுக்குக் கலர் தெரியாதா? எவன் சொன்னது?” என்றேன்.

“அதுல எழுதியிருக்கு அத்தை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் எதிர்வீட்டு டீச்சரம்மா புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வருவதுதானே மனுஷனுக்கு அழகு? இவர் நின்று பார்த்துவிட்டு, “இடது பக்கம் இருக்கறது வேற துணி” என்றார். ஒரே கடை, ஒரே துணிதான் என்று அவள் சத்தியம் பண்ணினாள். பிறகு கடைக்காரனே ஒத்துக்கொண்டான், ஒரு பக்கம் வேறு சாயத்தில் தோய்த்த துணியாம். அன்றிலிருந்து டீச்சரம்மா இவரோடு பேசுவதில்லை. இந்தக் கண்ணுக்கா குறைபாடு?

நானே பரிசோதிப்பது என்று முடிவு செய்தேன். துணி மாட்டும் கிளிப், பொத்தான் டப்பா, பல் தேய்க்கும் பிரஷ், என்னுடைய மூன்று சேலை என்று அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்டச் சொன்னார். எல்லாமே சரி. என்னையும் திருத்தினார். “இது பச்சை இல்ல அத்தை, பச்சைல நீலம் கொஞ்சம் விழுந்தது. இந்தப் பொத்தானும் அந்தப் பொத்தானும் ஒண்ணு இல்ல, இது வெயில்ல இருந்திருக்கு.”

“அப்புறம் எப்படி ஃபெயில் ஆனீங்க?”

“தெரியல. நான் எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னேன்.”

“என்ன காட்டினாங்க?”

“கார்டு. நிறையப் புள்ளி இருக்கும். புள்ளிக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். என்ன நம்பர், என்ன கலர்னு கேட்டாங்க.”

நம்பர் என்றதும் சுவரில் இருந்த மாதக் காலண்டர் கண்ணில் பட்டது. அந்த மாதம் ஐந்தாம் தேதி விடுமுறை, கொட்டை எழுத்தில் சிவப்பாக அச்சடித்திருந்தது. ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அதன்மேல் விரலை வைத்தேன்.

“இது என்ன கலர்?”

என் விரலையே பார்த்தார். ஒவ்வொரு கிளிப்பாகக் காட்டியபோது பட்பட்டென்று சொன்ன மனுஷன் இதற்கு ஏன் விழிக்கிறார்?

“எதைச் சொல்லணும் அத்தை?” என்றார் கடைசியில். “இங்க அடிச்சிருக்கற கலரையா, அஞ்சோட கலரையா?”

“அஞ்சோட கலர்னா?”

“அஞ்சோட கலர்தான். ஈர சிமென்ட் மாதிரி. இவங்க சிவப்பு அடிச்சு வெச்சிருக்காங்க. சிவப்பு நாலுக்குத்தானே வரும்.”

நான் காலண்டரைக் கீழே வைத்தேன். நாலுக்குச் சிவப்பா? அப்போ ஏழுக்கு என்று கேட்டேன். ஏழு கரும்பச்சை. இரண்டு மஞ்சள், ஆனால் எலுமிச்சை மஞ்சள் இல்லை, கொஞ்சம் பழுத்த மஞ்சள். ஒன்பது பழுப்பு, மேசைக்கால் மாதிரி. பூஜ்யம் கண்ணாடி. பால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்கிற அதே குரலில், அதே முகத்தோடு சொல்லிக்கொண்டே போனார். விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். ஆனால் இவருக்கு விளையாடத் தெரியாது.

“அந்த முகாம்ல நீங்க எந்தக் கலரைச் சொன்னீங்க?”

“சரியான கலரைத்தான். எல்லா நம்பருக்கும் வேணும்னே தப்பா கலர் அடிச்சு, புள்ளிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ஏமாறாம சரியானதைச் சொல்றாங்களான்னு பார்க்கறதுதான் டெஸ்ட்டுன்னு நினைச்சேன். ரெண்டு கார்டு மட்டும் ரொம்ப ஈஸியா இருந்துச்சு, சிவப்பு நாலு, பச்சை ஏழு. அதை மட்டும் மாத்த மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்.”

பன்னிரண்டுக்கு இரண்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தே விட்டேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. வேலை தப்பித்தது என்ற சந்தோஷத்தில் வாயும் சும்மா இருக்கவில்லை.

“மாப்பிள்ளை, நம்பருக்கு ஏது கலர்? உலகத்துல யாருக்கும் அப்படி எல்லாம் கிடையாது!”

நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய பேச்சு அது. அவர் முகம் மாறிவிட்டது.

“யாருக்கும் இல்லையா?”

“எனக்கில்ல. நான் முப்பத்திரண்டு வருஷம் நம்பர் பார்த்துத்தான் தபால் பிரிச்சேன். எல்லாம் மை என்ன கலரோ அந்தக் கலர்தான்.”

“நாப்பத்தொரு பேர் சரியாச் சொல்லியிருக்காங்க” என்றார் மெதுவாக. கம்பெனியில் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்கள் இவரோடு நாற்பத்திரண்டு பேர். எழுந்து போய் அறைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

நான் நினைத்தது, காரணம் தெரிந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னால் முடிந்தது என்று. அவர் நினைத்தது வேறு. அடுத்த இரண்டு நாள் அவர் வீட்டில் நடமாடியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. குளிக்கப் போகும்போது துண்டை எடுத்து வந்து, “அத்தை, இது நீலம்தானே?” என்று கேட்டார். சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு எரிந்தும் நின்றாராம், பக்கத்தில் நிற்பவர்கள் நடக்கட்டும் என்று. டீச்சரம்மாவிடம் முகத்துக்கு நேரே திரைச்சீலைக் குறையைச் சொன்ன மனுஷன், ஒரு துண்டுக்கு என்னிடம் சாட்சி கேட்டு நின்றார்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க மாப்பிள்ளை, சனிக்கிழமை ஆயிடுச்சு. திங்கக்கிழமை கெடு” என்றேன்.

“நான் வரல அத்தை.”

“ஏன்?”

“அஞ்சோட சாம்பல் எனக்கு அவ்வளவு தெளிவாத் தெரியுது. அது இல்லவே இல்லைன்னா, வயரோட சிவப்பு மட்டும் இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? லிஃப்ட்ல ஆளுங்க ஏறுவாங்க. நான் பார்க்கறது நிஜமா இல்லையான்னு தெரியாம நான் அதைக் கட்டக் கூடாது.”

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கம்பெனிக்காரன் தாளில் எழுதியது அவரைச் சாய்க்கவில்லை, நான் சிரித்ததுதான் சாய்த்துவிட்டது.

மகள் டூட்டி முடிந்து அரைத்தூக்கத்தில் வந்தாள். நடந்ததைச் சொன்னதும் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, கல்யாணம் நிச்சயமானப்ப என் போன் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துட்டு ‘ரொம்ப அழகா இருக்கு’ன்னார். என்னைத்தான் சொல்றார்னு நான் நினைச்சுட்டேன்.”

“நம்பரையாடி சொன்னார்?”

“இப்பத்தானே தெரியுது!” என்று சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு லீவு கிடைக்காதும்மா. நீ கூட்டிட்டுப் போ. வாயை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ.”

நேர்வழி சரிவராது என்று நினைத்து முதலில் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். எனக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது, துணைக்கு வாங்க மாப்பிள்ளை என்றேன். “மங்கலா இல்ல அத்தை, நேத்து கண்ணாடி போடாம ஊசில நூல் கோத்தீங்க” என்றார். மானம் போயிற்று. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“நீங்க பார்க்கறது நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க இருக்கற இடத்துல போய்க் கேட்டாத்தானே தெரியும்? இல்லைன்னு அவங்க சொன்னா நானே சூப்பர்வைசர்கிட்ட வந்து பேசறேன்.”

அவர் யோசித்தார். “அது சரி” என்றார். சட்டை மாற்றப் போய்விட்டார். இவ்வளவு எளிதென்று தெரிந்திருந்தால் நான்கு வருஷமாகச் சுற்றி வளைத்துப் பேசியிருக்கவே மாட்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாளோ, குரலிலேயே சலிப்பு. முகாம் தாளைப் பார்த்துவிட்டு, “கலர் குறைபாடு பிறவியிலேயே வர்றது. இதுக்கு மருந்து இல்ல, சர்டிபிகேட்டும் மாத்தித் தர முடியாது. நிறையப் பேர் இதுக்குன்னே வர்றாங்க” என்றாள்.

“டாக்டர், இவருக்குக் கலர் நல்லாத் தெரியும். கூடத்தான் தெரியுது. அதுதான் சிக்கல்” என்றேன்.

“அம்மா, நீங்க வெளில உட்காருங்க.”

நான் உட்கார்ந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “இவருக்கு அஞ்சுன்னா ஈர சிமென்ட்டாம், நாலுன்னா சிவப்பாம். உங்க கார்டுல அஞ்சு சிவப்பா இருந்தா, அச்சடிச்சவன் தப்புப் பண்ணிட்டான்னு திருத்திச் சொல்லிட்டு வந்திருக்கார்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். முதல் முறையாக மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தாள்.

“ஒம்பது?” என்றாள்.

“பழுப்பு. மேசைக்கால் மாதிரி.”

“மூணு?”

“இளநீலம். ஓரத்துல வெளுத்திருக்கும்.”

பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை கேட்டு ஒரு தாளில் குறித்து, தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு நான்கு நீளமான மரப்பெட்டிகளை எடுத்துவரச் சொன்னாள். உள்ளே பாட்டில் மூடி போலச் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிறம். எண்பத்தைந்து வட்டம். நம்பர் எல்லாம் அடியில் இருக்கும், மேலே தெரியாது. கலைத்துக் கொட்டி, ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மெல்ல மெல்ல மாறுகிற மாதிரி வரிசையாக அடுக்கச் சொன்னாள். எனக்கு அவற்றில் பாதி ஒன்றுபோலவே தெரிந்தது.

மாப்பிள்ளை மேசைமேல் குனிந்தார். வீட்டில் இரண்டு நாளாகத் துண்டின் நிறத்தைக் கேட்ட ஆள் காணாமல் போனார். முதல் பெட்டி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. நான்காவதில் கடைசியாக மிஞ்சிய ஒரு வட்டத்தைக் கையில் எடுத்தார், இங்கே வைத்துப் பார்த்தார், அங்கே வைத்துப் பார்த்தார், பிறகு பெட்டிக்கு வெளியே மேசையில் வைத்துவிட்டார்.

“எல்லாத்தையும் உள்ள வைக்கணும்” என்றாள் உதவியாளர்.

“இதை வைக்க முடியாது.”

“எங்கயாவது பொருத்தமான இடத்துல வைங்க சார்.”

“பொருத்தமான இடம் இல்ல.”

எண்பத்து நான்கை வைத்தவர் இந்த ஒன்றை எங்கேயாவது செருகிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மேசைக்கு அடியில் அவர் காலை என் காலால் இடித்தேன். “அத்தை, உங்க கால் படுது” என்றார் சத்தமாக.

டாக்டரம்மா எழுந்து வந்து அந்த வட்டத்தை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அந்தச் சலிப்பு இல்லை.

“இது கறை பட்டது” என்றாள். “யாரோ எண்ணெய்க் கையோட தொட்டிருக்காங்க. புதுசு கேட்டு எழுதி நாலு மாசமாச்சு. வர்றவங்க எல்லாரும் எங்கயாவது நுழைச்சுட்டுப் போயிடுவாங்க. வெளில எடுத்து வெச்ச முதல் ஆள் நீங்கதான்.”

அடியில் இருந்த நம்பர்களைச் சரிபார்த்தாள். மொத்தப் பெட்டியிலும் இரண்டே இடத்தில் பக்கத்துப் பக்கத்து வட்டம் இடம் மாறியிருந்தது. “நான் அடுக்கினா இதைவிட அதிகமாத் தப்பு வரும்” என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் மாப்பிள்ளை நிமிரவில்லை.

“அஞ்சு?” என்றார்.

டாக்டரம்மாவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. புள்ளிக் கார்டுகளை எடுத்தாள். “இப்ப நீங்க அச்சடிச்ச கலரை மட்டும் சொல்லுங்க. நம்பரோட சொந்தக் கலர் என்னவோ, அதை உங்ககிட்டயே வெச்சுக்கோங்க.” ஒவ்வொரு கார்டாகக் காட்டினாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சிவப்பு நாலையும் பச்சை ஏழையும் உடனே சொன்னார், மற்ற பத்துக்கும் துளி தயங்கித்தான் சொன்னார். “பார்த்தீங்களா?” என்றாள் என்னிடம். “ரெண்டு கலரும் முட்டும்போது துளி நேரம் பிடிக்குது. இட்டுக்கட்டிச் சொல்றவங்களுக்கு இப்படி வராது.” பிறகு கவிழ்த்து வைத்த தாளை எடுத்து, முன்பு கேட்ட நம்பர்களையே இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிக் கேட்டாள். பத்துக்கும் அதே பதில், மேசைக்கால் முதல் ஓரம் வெளுத்தது வரை.

“வயரோட சிவப்பு வயர்ல இருக்கு” என்றாள். “அஞ்சோட சாம்பலை உங்க மூளை சேர்த்துக் கொடுக்குது. ரெண்டையும் நீங்க எப்பவும் குழப்பிக்கல. கேட்டவங்களுக்குத்தான் நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரியல. இதுக்குப் பேர் சினெஸ்தீசியா.”

“பேர் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப வேற ஆளுங்களும் இருக்காங்க” என்றார் மாப்பிள்ளை. ஒரே ஆளுக்காக யாரும் பெயர் வைக்க மாட்டார்கள் அல்லவா? அது எனக்குத் தோன்றவே இல்லை.

“நிறைய. நூறு பேர் வந்தா அதுல ஒருத்தராவது இருப்பார். பாதிப் பேர் வெளில சொல்லிக்கறதே இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சுட்டு இருப்பாங்க.” பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “சத்தம் ஒத்துக்காதா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“டேப் சத்தம்.”

“சட்டைக் காலர்ல இருக்கற லேபிள்?”

“வெட்டிடுவேன்.”

“ஒண்ணைப் பார்க்கும்போது மொத்தப் படத்துக்கு முன்னாடி சின்னச் சின்ன விஷயம் கண்ணுல படுமா?”

“மொத்தப் படம்னா எது?” என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். ஆட்டிசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்றாள். அதன் சாயல் லேசாகப் பல பேரிடம் உண்டாம். எழுத்துக்கும் நம்பருக்கும் நிறம் தெரிகிறவர்களிடம் அந்தச் சாயல் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, நுணுக்கமான மாற்றம் அவர்கள் கண்ணுக்குச் சட்டென்று படுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்களாம், ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியாதாம். “இது என் துறை இல்ல. நான் உங்களுக்கு ஒரு முத்திரையும் குத்தப் போறதில்ல. தெரிஞ்சுக்கணும்னு தோணினா அதுக்குன்னு இருக்கறவங்களைப் போய்ப் பாருங்க, தோணலைன்னா விட்டுடுங்க. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல.”

மாப்பிள்ளை ஒரு மூச்சு விட்டார். அவ்வளவு பெரிய மூச்சை அந்த உடம்பு இரண்டு நாளாக எங்கே வைத்திருந்ததோ. தோள் இரண்டும் இறங்கின. உதவியாளர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள், ஒரே மூச்சில் குடித்தார்.

எனக்கும் மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வரவேற்கத் தெரியாதவர், வாய் திறக்காதவர், மட்டு மரியாதை இல்லாதவர் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் தப்பான அறைகளில் போட்ட தபால்கள். பிரித்தது நான்தான்.

சர்டிபிகேட் கைக்கு வந்தது. நிறம் பிரித்தறியும் திறன்: இயல்பு. மாப்பிள்ளை வரி வரியாகப் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். “இயல்புன்னு போட்டிருக்கீங்க. அஞ்சைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?” முழங்கால் வலியையும் பாராமல் எழுந்து அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

வாசலிலேயே மகளுக்குப் போன் போட்டேன். “திங்கக்கிழமை வேலைக்குப் போறார்டி” என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை வாங்கிய மாப்பிள்ளை, “எனக்குப் பேர் இருக்காம்” என்றார் அவளிடம், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மூன்று நிறுத்தம் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார், நான் ஒன்றும் கேட்காமலே.

“அத்தை, உங்களுக்கு அஞ்சு என்ன கலர்?”

“எனக்குக் கலர் எல்லாம் இல்ல மாப்பிள்ளை.”

“லேசாகூட?”

“லேசாகூட இல்ல.”

“ஏழு?”

“இல்ல.”

“பத்துமே காலியா?”

“பத்துமே காலி.”

அவர் உள்ளுக்குள் அதைப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தோரு பேரையும் சேர்த்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், என் மகளையும், டீச்சரம்மாவையும், இந்தப் பஸ்ஸில் இருக்கும் எல்லாரையும்.

“பாவம் அத்தை” என்றார். “எப்படிச் சமாளிக்கறீங்க?”

கேலி இல்லை, துளிகூட இல்லை. இந்த மனுஷனுக்குப் போய் என் பெண்ணைக் கட்டிக்கொடுத்தேனே என்று ஒன்பது வருஷமாக நான் உச்சுக் கொட்டியிருக்கிறேன். இப்போது அவர் எனக்காகக் கொட்டினார். என் வாழ்நாளில் யாரும் எனக்காக இவ்வளவு உண்மையாகப் பரிதாபப்பட்டதில்லை. இரண்டு நாளாகத் தன் கண்ணையே நம்பாமல் கிடந்தவர், கிடைத்த முதல் நிம்மதியில் செய்த முதல் காரியம் அது.

“பழகிடுச்சு மாப்பிள்ளை” என்றேன்.